பஸ்ஸுக்குப் போட்ட கரும்பு

ஆலைக் குடியிருப்பு, வட ஆற்காடு
12-4-1980

என் அருமை அக்காவுக்குத் தம்பி கோதண்டராமன் வணங்கி எழுதுவது. நான் சுகம். மெஸ் சாப்பாட்டிலேயே ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள். நீயும் மாமாவும் சுகம்தானே? மாமாவின் முழங்கால் வலி இப்போது தேவலையா?

அக்கா, உட்கார்ந்துகொண்டு இதைப் படி. எங்கள் சர்க்கரை ஆலையை ஒட்டிய ஸ்பிரிட் பிளாண்டில் நான் ஃபிட்டர் என்று உனக்குத் தெரியும். கரும்புச் சாற்றில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுகிற கறுப்புப் பாகைப் புளிக்க வைத்து ஸ்பிரிட் காய்ச்சுகிறோம். இதுவரை அது மருந்துக் கம்பெனிக்கும் வார்னிஷ் கம்பெனிக்கும் போய்க்கொண்டிருந்தது. இப்போது மேலே ஒரு யோசனை கிளம்பியிருக்கிறது. எண்ணெய்க்காரத் தேசங்கள் விலையை ஏற்றிக்கொண்டே போகின்றன, நாம் ஏன் அவர்களிடம் கையேந்த வேண்டும், ஸ்பிரிட்டில் தண்ணீரைச் சுத்தமாக நீக்கிப் பெட்ரோலோடு கலந்தால் வண்டி ஓடாதா என்கிறார்கள்.

ஓடும் அக்கா! நேற்று ஓடியது! மேனேஜர் ஜீப்பில் நாலு பங்கு பெட்ரோல், ஒரு பங்கு நம்முடைய ஸ்பிரிட். ஊற்றியது இந்தக் கைதான். ஜீப் ஒரு தும்மல் தும்மிவிட்டுப் புறப்பட்டது. ஆலையைச் சுற்றி அது வந்தபோது நாங்கள் எல்லோரும் பின்னாலேயே ஓடினோம், கோயில் தேர் மாதிரி. முதலில் ஜீப், கார். அப்புறம் பஸ்ஸையும் விடமாட்டார்கள்.

அதற்குப் பாகு போதாது, இன்னும் நிறையக் கரும்பு வேண்டும். உங்கள் பக்கம் வரைக்கும் கரும்புப் பதிவு செய்ய ஃபீல்டுமேனை அனுப்பப் போகிறார்கள். நீ இந்த வருஷம் கடலையை மறந்துவிடு. கிணற்றடி நிலம் முழுக்கக் கரும்பு போடு. விலை ஏறத்தான் போகிறது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் தம்பி,
கோதண்டம்


மண்ணூர்
27-4-1980

தம்பிக்கு அக்கா சுந்தராம்பாளின் ஆசிகள். இங்கே வெயிலைத் தவிர மற்றதெல்லாம் நலம். உன் மாமாவின் முழங்கால், வயல் என்றால் வலிக்கிறது, டீக்கடை என்றால் நடக்கிறது.

உன் கடிதத்தை நின்றுகொண்டுதான் படித்தேன். ஸ்ரீபெரும்புதூர் பங்க்கில் தகர டின்னை வைத்துக்கொண்டு காலையிலிருந்து டீசலுக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஊரே நிற்கிறது. கரண்டு மோட்டாருக்கு மனுப் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் கிணற்றுக்கு ஆயில் இன்ஜின்தான் கதி. அப்படி நிற்கிறவள் கையில் இப்படி ஒரு கடிதம் வந்தால் எப்படி இருக்கும்? "அட, வயல்ல வெளையற பெட்ரோலு!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். வரிசையில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

மாமாவுக்கும் ஆசை வந்துவிட்டது. "கடலய இன்னா, எப்ப வோணா போட்டுக்கலாம்" என்கிறார். நானும் தயார். ஆனால் ஒன்று மட்டும் மழுப்பாமல் எழுது. நீங்கள் காய்ச்சுவது ஸ்பிரிட் என்கிறாய். அது வண்டிக்குத்தான் போகுமா? மனுஷன் வாய்க்குப் போகாதே?

எழுபத்துமூன்றில் சர்க்கார் சாராயக்கடையை மூடின பிறகுதான் உன் மாமா மனுஷர் ஆனார். ஏரிக்கரையில் விழுந்து கிடந்தவரை நீயும் நானும் கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். திருட்டுச் சரக்குக்கு அவர் போவதில்லை, போலீஸ் என்றால் அவருக்கு நடுக்கம். நான் கும்பிடுகிற சாமிகளில் அந்தப் போலீஸும் ஒன்று. என் கரும்பு அந்த எழவுக்குப் போகும் என்றால் ஒரு விதைக்கரணைகூட ஊன்ற மாட்டேன்.

மோரில் உப்புப் போட்டுக் குடி. வெயிலில் அலையாதே.

சுந்தராம்பாள்


ஆலைக் குடியிருப்பு
9-5-1980

அன்பு அக்காவுக்கு, நீ சொன்னபடி மோர் குடிக்கிறேன், உப்பும் போடுகிறேன், போதுமா?

உன் கேள்விக்கு முதலில் பதில். வண்டிக்குத்தான். அம்மா மேல் ஆணையாக வண்டிக்குத்தான். கலப்பதற்கு முன்பே நாற்ற மருந்து ஒன்றை ஊற்றிவிடுகிறோம். அதை ஒருவன் மூக்கருகே கொண்டுபோனால் மூன்று வேளைச் சாப்பாடு மறந்துபோகும். மாமாவிடமும் சொல்.

இரண்டாவது சேதி, அந்த ஜீப்பைக் காட்பாடி வரை ஓட்டிப் பார்த்தோம். நான் பின்சீட்டில். மேட்டில் ஏறும்போது எனக்கு மூச்சு நின்றுவிட்டது. ஏறிவிட்டது அக்கா! ஃபீல்டுமேன் ஆனி மாதத்துக்குள் வருவார். கரணையும் உரமும் ஆலையே கடனாகக் கொடுக்கும்.

என்றும் உன் தம்பி,
கோதண்டம்


மண்ணூர்
6-7-1980

ஆசிகள் தம்பி. உடம்பெல்லாம் வலி, மனசெல்லாம் பூரிப்பு, அதுதான் இங்கே எங்கள் நலம். உன் நலத்தை எழுது.

நட்டாகிவிட்டது! ஃபீல்டுமேன் வந்து எங்கள் பெயரைப் பதிவு செய்துகொண்டார். மண்ணை அணைத்துப் பார் பிடித்தோம், தண்ணீர் கட்டினோம், சேற்றில் கரணையை மிதித்து ஊன்றினோம். உன் மாமாவின் முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. கட்டுக் கட்டாகக் கரணையைத் தலையில் சுமந்து வந்தார். ஊரில் பாதிப்பேர் எங்களைப் பார்த்துக் கடலையை விட்டுக் கரும்புக்கு மாறிவிட்டார்கள். பக்கத்து நிலத்து லூர்து மேரி மட்டும் பிடிவாதமாகக் கடலைதான் போட்டாள். வரப்பில் நின்று இடுப்பில் கை வைத்துக் கேட்கிறாள், "இன்னாடி சுந்தரம், பஸ்ஸுக்குப் புல்லு போட்டுகினு கீறியா?" நானும் விடவில்லை. "ஆமாடி, உன் வூட்டு வாசல்ல நிக்கிற பஸ்ஸு என் புல்லு தின்னுட்டுத்தான் பட்டணம் போவும்" என்றேன். அன்றிலிருந்து எங்கள் வயலுக்குப் பெயரே பஸ் கரும்பு.

ஒரு காரியம் செய்தேன், சரியோ தப்போ தெரியவில்லை. மச்சில் வைத்திருந்த விதைக்கடலையையும் விற்றுவிட்டேன். வியாபாரி நல்ல விலைக்குக் கேட்டான், இனிமேல் நமக்கெதற்கு என்று அளந்துவிட்டேன். அம்மா காலத்திலிருந்து விட்டுப்போகாத விதை அது. மூட்டை வண்டியில் ஏறியதும் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டேன். போகட்டும்.

சுந்தராம்பாள்


ஆலைக் குடியிருப்பு
2-10-1980

அக்காவுக்குத் தம்பியின் வணக்கம். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான் உடம்பை விடமாட்டேன் என்கிறது. மாமா, நீ, பஸ் கரும்பு, மூவரும் சௌக்கியமா?

கலப்பு ஸ்பிரிட்டுக்கென்று புதுத் தொட்டி ஏற்றுகிறோம். மூன்று மாடி உயரம். அதன் உச்சியில் நின்று கடைசி போல்ட்டை முடுக்கியபோது உன் வயல் தெரிகிறதா என்று பார்த்தேன். சிரிக்காதே. என்னைச் சீனியர் ஃபிட்டர் ஆக்கிவிட்டார்கள். மேலேயிருந்து உத்தரவு வந்ததும் திறப்புவிழா. உனக்கும் மாமாவுக்கும் முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

கோதண்டம்


மண்ணூர்
23-11-1980

சீனியர் ஃபிட்டர் ஐயாவுக்கு அக்காவின் ஆசிகள். உனக்குப் பதவி வந்த சேதியை உன் மாமா டீக்கடையில் பெஞ்சு மேல் ஏறி நின்று சொன்னாராம். நாங்கள் சுகம்.

கரும்பு என் இடுப்புக்கு மேல் நிற்கிறது. பக்கத்தில் கிளைத்துத் தூர் கட்டியிருக்கிற அழகைப் பார்த்தால் கண் பட்டுவிடும். ஆனால் தம்பி, இது குடிக்கிற தண்ணீரைக் கடலை குடித்ததே இல்லை. மழை விட்டால் இன்ஜின் ஓட வேண்டும், இன்ஜின் ஓட டீசல் வேண்டும், டீசல் விலையோ மறுபடி ஏறிவிட்டது. பெட்ரோலுக்காகக் கரும்பு போட்டவள் கரும்புக்காக டீசலுக்கு நிற்கிறேன். இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

இன்னொன்று கேள். ஊரில் பாதி நிலம் கரும்பானதில் கடலை வரத்து குறைந்து கடலையெண்ணெய் விலை கூரைமேல் ஏறிவிட்டது. வருஷா வருஷம் செக்கில் ஆட்டி டின்னில் வைக்கிறவள், இன்று கடையில் கிண்ணத்தோடு நிற்கிறேன். லூர்து மேரி பாவம், அவளே அரைப்படி கொண்டுவந்து கொடுத்தாள். "பஸ்ஸுக்கு ஊத்திடாத, கொளம்புக்கு ஊத்து" என்று ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுத்தாள்.

ஆனாலும் எனக்குக் கவலையில்லை. உன் மாமா காய்ந்த சோகை உரிக்கிறார், சாய்ந்ததைச் சேர்த்துக் கட்டுகிறார், பன்றி வராமல் காவல் இருக்கிறார். இந்த மனுஷர் ஒரு வேலையை இப்படி விரும்பிச் செய்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் வயலிலிருந்து வரும்போது பாட்டு வருகிறது அவர் வாயில். அதற்கே இந்தக் கரும்புக்கு ஒரு கும்பிடு போடலாம். திறப்புவிழா எப்போது?

சுந்தராம்பாள்


ஆலைக் குடியிருப்பு
18-1-1981

அக்காவுக்கு வணக்கம். பொங்கலுக்கு வர முடியவில்லை. இங்கே பனி அதிகம். மாமா உடம்பு எப்படி இருக்கிறது?

தொட்டி வேலை முடிந்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை. கரும்பை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆலையின் வெட்டு உத்தரவு உங்களுக்குச் சீக்கிரமே கிடைக்க ஏற்பாடு செய்கிறேன். மாமாவை வயல் வேலையிலேயே வைத்திரு, வெளியே அதிகம் அனுப்பாதே. பனி உடம்புக்கு ஆகாது. மாமா உடம்பை அவசியம் எழுது.

கோதண்டம்


மண்ணூர்
10-3-1981

தம்பிக்கு ஆசிகள். நாங்கள் சுகம் என்று எழுதிப் பிப்ரவரியில் ஒரு கார்டு போட்டேன், பதில் இல்லை. உன் ஜனவரிக் கடிதத்தில் மாமா உடம்பை இரண்டு தடவை கேட்டிருக்கிறாய், ஜீப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. கடிதம் எழுதினால் ஜீப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் நீ.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பேச்சு ஓடுகிறது. ரோட்டோரம் புதுக் கம்பெனிக்குக் காம்பவுண்டு சுவர் கட்டுகிற ஆட்கள்கூட அதைத்தான் பேசுகிறார்கள். சாராயக்கடையை மறுபடி திறக்கப் போகிறார்களாம். ஏலம் விடுவார்களாம். உன் மாமா காதிலும் விழுந்திருக்கும். அவர் வாயில் பாட்டு நின்றுவிட்டது.

கடை திறந்தால் அதற்குச் சரக்கு எங்கிருந்து வரும் கோதண்டம்? உடனே எழுது.

சுந்தராம்பாள்


மண்ணூர்
9-5-1981

தம்பி, நலம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. நீ உயிரோடு இருக்கிறாய் என்று ஃபீல்டுமேன் சொன்னார், அதுவரை சந்தோஷம்.

கடை திறந்தாகிவிட்டது. நம் ஊர் பஸ் நிற்கிற முனையில், புதுக் கீற்று, புதுப் போர்டு. சாமான் இறக்க வந்த லாரியைப் பார்த்தேன். டிரைவரிடம் போய் நின்றேன். "எந்த ஊரு சரக்குப்பா இது?" என்று கேட்டேன். உன் ஆலையின் பெயரைச் சொன்னான். "வண்டிக்கி ஊத்தறதுன்னு சொன்னாங்களே?" என்றேன். "அதெல்லாம் கெடப்புல போட்டு மாசக்கணக்கா ஆவுதும்மா. இதுல வர்ற துட்டு அதுல வருமா? அந்தப் பெரிய தொட்டி நெறைய இப்ப இதான்" என்றான். பெரிய தொட்டியாம். நீ போல்ட்டு முடுக்கிய தொட்டி.

உன் மாமா கடைப்பக்கம் போய்த் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

நேற்று ஃபீல்டுமேன் வந்தார், ஒரே குஷி. பாகுக்கு இப்போது கிராக்கியாம், அதனால் கரும்புக்கும் கூடுதலாகவே தருவார்களாம். ஜூன் முதல் வாரம் வெட்டு. ஊரே குதிக்கிறது. விலை ஏறும் என்று நீ எழுதினாய், ஏறிவிட்டது. நான்தான் வயல் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, இந்தக் கரும்பை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு உன்மேல் கோபம். நிறையக் கோபம். பதில் எழுது.

சுந்தராம்பாள்


ஆலைக் குடியிருப்பு
20-5-1981

அக்காவுக்குத் தம்பி வணக்கம். நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

வெட்டு உத்தரவில் உங்களுக்கே முதல் நம்பர் வாங்கிவிட்டேன். ஆளும் லாரியும் ஆலையிலிருந்தே வரும். கரும்பைக் காயவிட்டால் எடை போய்விடும், தாமதிக்க வேண்டாம். உன் கரும்பிலிருந்து முக்கியமாக வருவது சர்க்கரைதான் அக்கா. பாகு கொஞ்சம்தான், மிகக் கொஞ்சம்.

மாமாவைக் கவனமாகப் பார்த்துக்கொள்.

கோதண்டம்


மண்ணூர்
21-6-1981

மச்சான் கோதண்டராமனுக்கு மாமா நடேசன் எழுதிக்கொண்டது. நான் பேனா பிடித்து வெகுகாலம் ஆகிறது. உன் அக்காவுக்கு இப்போது எழுதக் கை ஒழியவில்லை, அதனால் நான். இங்கே சுகம். உண்மையாகவே சுகம் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நான் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன் என்று உனக்கு எழுதியதாகச் சொன்னாள். அது பொய். திறந்த அன்றே குடித்தேன். மறுநாளும் குடித்தேன். அப்புறம் வழக்கமாகிவிட்டது. உன் மனசு உடைந்துவிடும் என்று மறைத்திருக்கிறாள். நீ எழுதாமல் விட்டதும் எனக்காகத்தான் என்று தெரிகிறது. அக்காவும் தம்பியும் ஒரே அச்சு.

கரும்பு ஏற்ற லாரி வந்த அன்று காலையிலேயே நான் கடையில் இருந்தேன். பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு ஓடிவந்து, "மாமா, அக்கா லாரிய மறிச்சிகினு நிக்குது, ஓடியா" என்றாள். போனேன். உன் அக்கா வண்டிப்பாதை நடுவில் நிற்கிறாள். வெட்டுகிற ஆட்கள் கத்தியோடு வரப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். டிரைவர் என்னைப் பார்த்ததும், "யோவ், நெலம் உன்துதானே? உன் சம்சாரத்த நவுரச் சொல்லு, லோடு ஏத்தணும்" என்றான்.

என் வாயில் அப்போதும் அந்த வாடை இருந்தது. உன் அக்கா திட்டுவாள் என்று நினைத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். எனக்குப் பின்னால் அந்தக் கரும்பு நிற்கிறது மச்சான். ஒவ்வொரு தூரும் நான் மண் அணைத்தது, நான் சோகை உரித்தது. இதை ஏற்றி அனுப்பி, அங்கே காய்ச்சி, மறுபடி இங்கேயே கொண்டுவந்து என் வாயில் ஊற்றப் போகிறார்கள். அதற்கு நானே கைகொடுக்கவா?

"திருப்பிக்கோப்பா வண்டிய. இந்தக் கரும்பு லாரி ஏறாது" என்றேன்.

ஃபீல்டுமேன் குதித்தார். ஒப்பந்தம் என்றார். கரணைக்கும் உரத்துக்கும் வாங்கியதை வட்டியோடு கட்டுகிறோம், கரும்பு தரமாட்டோம் என்று உன் அக்கா சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்தை இன்னும் ஆலை எல்லையாக அறிவிக்கவே இல்லையாம், அறிவிக்காத வரை கரும்பை ஆலைக்கே தர வேண்டிய கட்டாயம் இல்லையாம், அதை எங்கேயோ விசாரித்து வைத்திருக்கிறாள். அவர் லாரியில் ஏறிப் போய்விட்டார்.

இப்போது வயலிலேயே வெல்லம் காய்ச்சுகிறோம். டீசல் கிடைக்கவில்லை, லூர்து மேரி தன் மாடுகளை ஓட்டி வந்தாள், அவைதான் மிஷினைச் சுற்றிச் சாறு பிழிகின்றன. கரும்பெல்லாம் ஆலைக்குப் போய்விட்டதால் வெல்லத்துக்குச் சந்தையில் அடிதடி. பட்டணத்துக் கொத்தவால்சாவடி வியாபாரி வயலுக்கே வந்து நிற்கிறான். கொப்பரை என் பொறுப்பு. பாகு பதம் தவறினால் கட்டை மாதிரி இறுகிவிடும், கண்ணை எடுக்க முடியாது. கையிலிருந்து துடுப்பை விடுவதில்லை. முதல் அச்சு வெல்லத்தைக் குன்றத்தூர் முருகன் மலைக்கு எடுத்துப் போனோம். உன் அக்கா படி முழுக்கச் சிரித்துக்கொண்டே ஏறினாள்.

ஒரு விஷயம் உனக்குச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் நான் குடிக்காமல் இருந்தேன் என்று ஊரே என்னைப் புகழ்ந்தது. நானும் நம்பினேன். அது என் சாமர்த்தியம் இல்லை, கடை மூடியிருந்தது. லாரி திரும்பிப் போன அன்றிலிருந்து நான் கடைக்குப் போகவில்லை. கடை திறந்துதான் இருக்கிறது மச்சான். வெல்லம் எடுத்துக்கொண்டு தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன், அதைத் தாண்டித்தான் வருகிறேன். நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது, சத்தியம் செய்கிற யோக்யதையும் எனக்கில்லை. ஆனால் இன்றைக்கு நான் குடிக்கவில்லை, இது சர்க்கார் செய்த வேலை இல்லை, நான் செய்தது.

இதை உன் அக்காவிடம் நான் வாயால் சொல்லவில்லை. எப்படியும் படித்துப் பார்க்காமல் கடிதத்தை ஒட்டமாட்டாள்.

மாமா நடேசன்

கோதண்டம், படித்துவிட்டேன். இதைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். உன்மேல் கோபம் இன்னும் பாதி இருக்கிறது, அதை நேரில் தீர்த்துக்கொள்கிறேன். மிஷின் பல்சக்கரம் தேய்ந்து கிறீச்சிடுகிறது, ஸ்பேனரோடு புறப்பட்டு வா. மாமா கொப்பரையடியில் பாடிக்கொண்டிருக்கிறார்.

சு.